வாடகை, ஒத்தி, சொந்தம்: ஒரு சென்னை வீட்டின் மூன்று விலைகள்

சென்னைப் புறநகரில் ஒரே வீட்டுக்கு மூன்று விலை உண்டு. ஒன்று மாத வாடகை. இன்னொன்று லீஸ் தொகை. மொத்தமாக ஒரு பணத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. தென்மாவட்டங்களில் இதை ஒத்தி என்பார்கள், பத்திரத்தில் போக்கியம் என்று எழுதுவார்கள். மூன்றாவது, விற்பனை விலை. மாதம் 12,000 ரூபாய் வாடகைக்குப் போகும் ஒரு சிறிய வீட்டை வைத்துப் பார்ப்போம். லீஸுக்குக் கேட்டால் எட்டு, பத்து லட்சம் என்பார்கள். வாங்கப் போனால் 45 லட்சம். ஆண்டு வாடகை 1,44,000. லீஸ் தொகை பத்து லட்சத்துக்கு அது 14.4 சதவீதம். விற்பனை விலைக்கு 3.2 சதவீதம்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். லீஸுக்கு விடுகிறவர், வங்கியில் கடன் கிடைக்காமலோ அவசரத் தேவையாலோ, வாடகையை விட்டுக்கொடுத்து 14 சதவீத வட்டிக்குப் பணம் வாங்குகிறார். வாங்குகிறவரோ, குடியிருக்கும் வசதியாக 3 சதவீதம் மட்டுமே தரும் ஒன்றுக்காக எட்டு, ஒன்பது சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் கூரை என்பதைத் தாண்டி வேறு ஏதோ இரண்டை அவர் வாங்குகிறார். ஒன்று, நிலத்தின் வருங்கால விலை. மற்றொன்று, "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்க" என்று யாரும் சொல்ல முடியாத நிலை. முதலாவதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவதற்கு விலை போடுவது கடினம். சென்னையில் வீடு வாங்கும் முடிவை அதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன்.

எண்ணை முதலில் முடித்துவிடலாம். மறுவிற்பனைக்கு வரும் ஒரு இரண்டு படுக்கையறை வீடு. விலை 75 லட்சம். அதே கட்டடத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 20,000. இவை எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் நகரின் பல பகுதிகளில் விலைக்கும் வாடகைக்கும் உள்ள விகிதம் இதை ஒட்டியே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது. ஆக 60 லட்சம் கடன், 15 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து 6,75,000. இந்த விலையில் உள்ள வீட்டுக்கு அந்தச் செலவைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தரகு, வக்கீல் கட்டணம், உள்ளே செய்யும் மரவேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும், சாவி கைக்கு வருமுன் 21,75,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும்.

8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை. வங்கி தரும் தவணை அட்டவணையைப் பலர் கோப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதன் முதல் வரி இப்படி இருக்கும்: தவணை 52,069, வட்டி 42,500, அசல் 9,569. பன்னிரண்டாம் வரி வரை இறங்கினால் முதல் ஆண்டில் கட்டியது 6,25,000, அதில் வட்டி மட்டும் 5,05,000. அறுபதாம் வரியில், ஐந்து ஆண்டுகளில் 31 லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகு, அசலில் கழிந்திருப்பது ஏழு லட்சத்துச் சொச்சம். "வாடகை கொடுக்கிற காசு தண்டம், அதையே தவணையாக் கட்டினா வீடாவது மிஞ்சும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்காதவர் இல்லை. முதல் மாதத்தில் குடித்தனக்காரர் 20,000 கொடுக்கிறார், அது திரும்பாது. வாங்கியவர் 42,500 வட்டி கொடுக்கிறார், அதுவும் திரும்பாது.

குடித்தனக்காரரின் பக்கத்தையும் நேர்மையாகப் போட வேண்டும். இரண்டு லட்சம் அட்வான்ஸ் போக, அவரிடம் 19,75,000 ரூபாய் மிஞ்சுகிறது. தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம், தொடக்கத்தில் மாதம் 32,000, அதுவும் அவர் கையில் இருக்கிறது. இரண்டையும் ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் ஒன்றில் போட்டுவருகிறார், வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஏறினால் அவருடைய வாடகை இருபதாம் ஆண்டில்தான் 50,000-ஐத் தாண்டும். அப்போதும் தவணையைவிடச் சற்றுக் குறைவு. ஐந்து ஆண்டு முடிவில் வீட்டை விற்கிறவர் இந்தக் குடித்தனக்காரருக்குச் சமமாக நிற்க வேண்டுமானால், வீட்டு விலை ஆண்டுக்கு 6.6 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். விற்கும்போது கொடுக்கும் தரகையும் சேர்த்தால் 7-ஐ நெருங்கும். இருபது ஆண்டு இருந்தால் 4.75 சதவீதம் ஏறினால் போதும். சொத்து வரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தால் 5 என்று வைத்துக்கொள்ளலாம். பதிவுச் செலவு எத்தனை ஆண்டுகளில் பரவுகிறது, வட்டி எப்போது அசலுக்கு வழிவிடுகிறது என்பதால் வரும் வேறுபாடு இது. ஆகவே எத்தனை ஆண்டு இந்த வீட்டில் இருப்பேன் என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவர், வாங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் தேட முடியாது. ஓஎம்ஆரில் வேலை, இரண்டு வருஷத்தில் பெங்களூருவோ ஹைதராபாதோ போகக்கூடும் என்ற நிலையில் இருக்கும் இருபத்தெட்டு வயதுக்காரர், பெண் பார்க்கும்போது கேட்பார்கள் என்பதற்காக மட்டும் வாங்கும் வீடு பெரும்பாலும் அவருக்கு நஷ்டம்தான்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மாதம் 32,000-ஐ இருபது ஆண்டு தவறாமல் சேமிக்கும் குடித்தனக்காரர் எத்தனை பேர்? நம் குடும்பங்களில் சேமிப்பு பெரும்பாலும் கட்டாயத்தின் பேரில்தான் நடக்கிறது. சீட்டுக் கட்டினால் கட்டியே ஆக வேண்டும், நகைக்கடைத் திட்டத்தில் சேர்ந்தால் மாதாமாதம் போட்டே ஆக வேண்டும். வீட்டுக் கடன் அந்த வகைக் கட்டாயங்களில் பெரியது. தங்கை கல்யாணம், அண்ணன் தொழில், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்று கையில் இருக்கும் பணத்தைக் கேட்க ஆள் இருக்கும். தவணையாகப் போய்விட்ட பணத்தை யாரும் கேட்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காக வீடு வாங்கி, அதனால் மட்டுமே ஓய்வுக்காலத்தில் சொத்தோடு நிற்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் போய் 4.75 சதவீதம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

ஆனால் தவணை என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பி இறங்கினால் அடி விழும். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறுவட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அதற்கு முன் 6.75 சதவீதத்தில் 60 லட்சம் வாங்கியவரின் தவணை 45,600 ரூபாய். வட்டி 9.25-ஐத் தொட்டபோது அந்தத் தவணையில் கிட்டத்தட்ட முழுவதும் வட்டிக்கே போய், அசல் நின்ற இடத்திலேயே நின்றது. பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டின. இருபது ஆண்டுக் கடன் முப்பது ஆண்டுக்கு மேல் போனதைத் தற்செயலாக அறிக்கையைப் பார்த்தபோதுதான் பலர் அறிந்தார்கள். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பிறகு 2025-ல் ரெப்போ இறங்கியது. வட்டி ஏறும்போது நீட்டப்பட்ட தவணைக் காலம், இறங்கும்போது தானாகச் சுருங்கியதா என்று ஒவ்வொருவரும் தம் அட்டவணையைப் பார்ப்பது நல்லது. வரிச்சலுகைக்காக வாங்குகிறேன் என்ற வாதத்துக்கு இப்போது பெரிய வலு இல்லை. 2023-24 முதல் இயல்பாக வந்துவிட்ட புதிய வரிமுறையில், தாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கும் கழிவு இல்லை, வீட்டு வாடகைப் படிக்கும் விலக்கு இல்லை.

இனி நிலம். அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவர் இரண்டு பொருளை வாங்குகிறார். ஒன்று கட்டடம்; அது கட்டிய நாளிலிருந்து தேய்கிறது. இன்னொன்று பத்திரத்தில் "பிரிபடாத பாக மனை" என்று எழுதப்படும் நிலப்பங்கு; புழக்கத்தில் யூடிஎஸ். விலை ஏறுவது இதுதான். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடத்துக்கு மனை அளவைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்புக் கட்டலாம், உயரமான கட்டடங்களுக்கு 3.25 மடங்கு. அதற்கு முன் சாதாரணக் கட்டடத்துக்கு ஒன்றரை மடங்குதான். ஆகவே 950 சதுர அடி வீட்டுக்குப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 600 சதுர அடிக்கு மேல் நிலம் கிடைத்திருக்கலாம். புதிய நடுத்தரக் கட்டடத்தில் 475 அடி. பதினைந்து மாடிக் கோபுரத்தில் 300 அடியை ஒட்டி. நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் மின்தூக்கியும் அந்தக் கோபுரத்தின் விலையில் இருக்கின்றன. அவற்றின் ஆயுள் குறைவு.

பிரிபடாத பாகத்தின் பயனை எப்போது எடுக்க முடியும் என்பது அடுத்த கேள்வி. நாற்பது ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போதுதான். ஒரே ஒரு குடும்பம் மறுத்தாலும் எல்லாம் நின்றுபோகும் நிலை நெடுங்காலம் இருந்தது. 2022-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று ஆக்கியிருக்கிறது. பழைய கட்டடத்தில் அதிக நிலப்பங்குள்ள ஒரு வீட்டை வாங்கி, பழுதுகளைப் பொறுத்துக்கொண்டு இருப்பது, பளபளப்பான புதுக் கோபுரத்தைவிட நல்ல முடிவாகப் பல நேரம் அமையும். பத்திரத்தில் சதுர அடியைப் பார்க்கும் கண் அதற்கு அடுத்த வரியில் இருக்கும் மனைப் பங்கையும் பார்க்க வேண்டும்.

நிலம் எங்கே இருக்கிறது என்பதும் இந்த நகரத்தில் உயிர்ப் பிரச்சினை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. இடையில் 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். குடித்தனக்காரர் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேடான இடத்துக்குப் போய்விடலாம். தவணை கட்டுகிறவர் தரைத்தளச் சேற்றைக் கழுவிவிட்டு அங்கேயேதான் இருக்க வேண்டும்; விற்கலாம் என்றால் அந்தத் தெருவின் பெயரே விலையைக் குறைத்துவிடும். ஆகவே வாங்க நினைக்கும் பகுதியில் ஒரு மழைக்காலமாவது வாடகைக்கு இருந்து பார்த்துவிட வேண்டும் என்று எவரிடமும் தயங்காமல் சொல்வேன். தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சொல்லாத பலவற்றை ஐப்பசியும் கார்த்திகையும் சொல்லிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கணக்கு பெரும்பாலான இளம் குடும்பங்களுக்கு வாடகையின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் அவர்கள் வாங்குகிறார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால், டு லெட் பலகை பார்த்துப் படியேறும் ஒருவரின் பின்னால் ஒரு நாள் போனால் போதும். எத்தனை பேர், எங்கே வேலை, சொந்த ஊர் எது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் சாதி தேடப்படுகிறது. அசைவம் சமைப்பீர்களா. முஸ்லிம் பெயர் என்றால் வீடு நேற்றே போய்விட்டதாகச் சொல்லப்படும். தனியாக இருக்கும் பெண் என்றால் இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார்கள். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். காலி செய்யும்போது வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று அதில் ஒரு பகுதி போய்விடும். சப் மீட்டரில் அரசு கட்டணத்தைவிட அதிகமாக யூனிட்டுக்கு ஒரு விலை. ஆணி அடிக்கக் கூடாது. உறவினர் வந்து தங்கினால் தண்ணீர் பற்றி ஒரு பேச்சு. வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், உடலைக் கொண்டுவரக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்கு எடுத்துச் செல்ல வைக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. துக்கத்தின் நடுவே இதைக் கேட்ட மகனோ மகளோ அடுத்த வருஷம் எந்த வட்டிக்கும் கடன் வாங்கி வீடு வாங்குவார். அந்த முடிவைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது மாற்ற முடியாத நிலைமை இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரரைப் பாதுகாக்க வந்தது. கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று குடியிருப்புகளுக்கு நியாய வாடகையை அது கணக்கிட்டது. காலி செய்ய வைக்கும் வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்தன. வழக்குக்கு அஞ்சிய உரிமையாளர்கள் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். நாடு முழுவதும் நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்ததை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. அதே நகரங்களில் நூற்றுக்கு இருபத்தேழு குடும்பங்களுக்கு மேல் வாடகையில் இருந்தன. பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகையை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அது அளவாகக் குறிக்கிறது. தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

நடைமுறையில் இன்றும் பலர் பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைக்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்ற பதிவுச் சட்டத்தின் விதியைத் தவிர்க்க வந்த வழக்கம் அது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கால அளவு பார்க்காமல் பதிவு கட்டாயம் என்பது பலருக்குத் தெரியாது. இன்னும் முக்கியமான ஒன்று: முறையான ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. பதிவு செய்யாமல் இருப்பது இருவருக்கும் வசதி என்று தோன்றும். பிரச்சினை வரும்போது வெறுங்கையோடு நிற்பவர் குடித்தனக்காரர்தான். பிள்ளையின் பள்ளிக்காக ஐந்து வருஷம் ஒரே இடத்தில் இருக்க நினைக்கும் குடும்பம், மூன்று ஆண்டு ஒப்பந்தத்தை, ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம் என்பதையும் எழுதிப் பதிவு செய்துகொண்டால், சொந்த வீட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். லீஸுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் கடன் கட்டாமல் ஏலத்துக்கு வந்தால், பதிவில்லாத ஒத்திப் பணம் பத்து லட்சமும் போகும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமலும் பதிவு செய்யாமலும் லீஸ் பணத்தைக் கொடுக்கவே கூடாது.

முதுமைக்கு மட்டும் என் பதில் வேறு. சம்பளம் நின்ற பிறகும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். தனியார் வேலையில் இருந்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டம் 2014-ல் உறுதி செய்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். எழுபது வயதுத் தம்பதிக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். ஆகவே ஐம்பதை ஒட்டிய வயதில், பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், எங்கே இருக்கப் போகிறோம் என்பது தெளிந்தபின், சேமித்த பணத்தின் பெரும்பகுதியைப் போட்டு, குறைந்த கடனில், ஓய்வுபெறும் முன் அடைந்துவிடும் தவணையில் ஒரு வீட்டை வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு மிகவும் பொருந்தும் வழி. செங்கல்பட்டிலோ சொந்த ஊரிலோ அது ஒரு சிறிய தனி வீடாகக்கூட இருக்கலாம். அதுவரை வாடகை. அந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் சேமிப்பு நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடக்காது என்று தம்மைத் தெரிந்தவர் முன்பே வாங்கிவிடலாம்.

தனிக் குடும்பத்தின் முடிவுக்கு அப்பால் அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டுவசதி வாரியம் அரசு ஊழியர்களுக்கு வாடகைக் குடியிருப்புகளைக் கட்டியது. தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களுக்காக ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024-ல் திறக்கப்பட்டது. பணிபுரியும் இடத்துக்கு அருகே வாடகைக்கு இடம் கட்டித் தர அரசால் முடியும் என்பதற்கு அது சான்று. பிள்ளைகளோடு வாழும் குடும்பங்களுக்கு, சாதியும் மதமும் கேட்காத, ஐந்து ஆண்டு எழுத்தில் உறுதி தரும் வாடகை வீடுகளை வீட்டுவசதி வாரியம் மெட்ரோ நிலையங்களை ஒட்டிக் கட்டத் தொடங்க வேண்டும்.